மகனை இழந்த தம்பியின் வீட்டில் முதலாம் ஆண்டு நெருங்குகிறது: ஆளுக்கொரு பக்கம் நிற்கும் குடும்பத்திற்கு எப்படித் துணையாக இருப்பது?

கோவை அத்தை:

அனைவருக்கும் வணக்கம். என் தம்பியின் மூத்த மகன் ஒன்பது வயதில் ரத்தப் புற்றுநோயால் சென்ற ஆவணியில் காலமானான். அதற்கு முன் இரண்டு ஆண்டுகளாகச் சென்னையில் சிகிச்சை நடந்தது. மருத்துவமனைக்கு அருகில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தம்பி மனைவி பிள்ளையோடு அங்கேயே தங்கியிருந்தாள். தம்பி மன்னார்குடியில் கடையைப் பார்த்துக்கொண்டு வாராவாரம் போய் வந்தான். இளையவளான பெண் குழந்தை என் அம்மாவிடம் வளர்ந்தாள். அவளுக்கு இப்போது ஆறு வயது.

ஊர் வழக்கப்படி பிள்ளையை அடக்கம் செய்தோம். எங்கள் பக்கத்தில் பெண்கள் இடுகாட்டிற்குப் போவதில்லை என்பதால், பெற்றவள் தன் மகனைக் கடைசியாகப் பார்த்தது வீட்டு வாசலில்தான். மறுநாள் பால் தெளிக்கவும் ஆண்கள் மட்டுமே போய் வந்தார்கள். இன்றுவரை அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: அவனை எங்கே வைத்தீர்கள் என்று எனக்குக் காட்டுங்கள் என்கிறாள். பெரியவர்கள் சம்மதிக்கவில்லை. சிறு பிள்ளைக்குத் திவசம் கிடையாது, ஆகவே ஆண்டு நிறைவு என்று எதுவும் செய்யத் தேவையில்லை என்றும் சொல்லிவிட்டார்கள்.

தம்பி காரியம் முடிந்த மறுநாளே கடையைத் திறந்துவிட்டான். மகனின் பெயர் அவன் வாயிலிருந்து வருவதில்லை. கடையை அடைத்துவிட்டு நேராக வீட்டிற்கு வருவதுமில்லை. என் அம்மாவோ பேரனின் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். விளக்கு ஏற்றுகிற வீட்டில் சின்னப் பிள்ளையின் படத்திற்கு மாலை போடக் கூடாது என்பது அவர் சொல்லும் காரணம். பூட்டிய பிறகு அந்தச் சாவியை அவர் இடுப்பிலேயே செருகிக்கொண்டிருப்பதையும் நான் பார்த்தேன். தம்பி மனைவி பிள்ளையின் பள்ளிப் பையையும் சாப்பாட்டு டப்பாவையும் எவரையும் தொடவிடுவதில்லை. ஒரு சட்டையைத் துவைக்கவும் விடவில்லை. குழந்தையிடம் அண்ணன் சாமியிடம் போயிருக்கிறான் என்று சொல்லி வைத்திருக்கிறோம். சாமி எப்போது திருப்பி அனுப்பும் என்று அவள் கேட்கிறாள்.

நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். ஆவணிக்கு இன்னும் இரண்டு மாதங்களே உள்ள நிலையில், ஊருக்குப் போய்ச் சில நாட்கள் தங்கலாம் என்று நினைக்கிறேன். யார் பக்கம் பேசினாலும் இன்னொருவர் மனம் புண்படும் போலிருக்கிறது. படத்தை என்ன செய்வது, அந்த நாளை எப்படிக் கடப்பது, தம்பியிடம் எப்படிப் பேசுவது, குழந்தைக்கு என்ன சொல்வது என்று தெரிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

---

பாலாற்றங்கரை:

சகோதரிக்கு வணக்கம். நானும் என் மனைவியும் எங்கள் மகளைச் சாலை விபத்தில் இழந்து பல ஆண்டுகள் ஆகின்றன. மற்ற கேள்விகளுக்கு என்னைவிடத் தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள். உங்கள் தம்பியைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பெரும்பாலானோர் ஓர் அப்பனிடம் சொல்லும் வாக்கியம், "நீ தைரியமாக இருந்தால்தான் அவளைப் பார்த்துக்கொள்ள முடியும்" என்பதுதான். அது ஆறுதல் போலக் காதில் விழும், ஆனால் உண்மையில் அது ஒரு வேலை. அந்த வேலையை ஏற்றுக்கொண்டவன் வீட்டில் அழ முடியாது. கடையை அடைத்த பிறகு உங்கள் தம்பி எங்கே போகிறான் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் வீட்டிற்குப் போவதற்கு முன் முகத்தைச் சரிசெய்துகொள்ள ஓர் இடம் தேவைப்படுகிறது என்பதை நான் அறிவேன்.

இன்னொன்றையும் நீங்கள் கவனிக்க வேண்டும். இரண்டு ஆண்டு சிகிச்சை என்றால் கடன் இல்லாமல் இருக்காது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைச் செலவு பெருமளவு அடங்கிப் போனாலும், சென்னை வாடகை, வாராவாரம் பேருந்து, வெளியில் வாங்கிய மருந்து, கடையை மூடிய நாட்கள் எல்லாம் எவர் கணக்கிலும் வராது. அடகு வைத்த நகைக்கு வட்டி கட்டும் ஒவ்வொரு மாதமும், எதற்காக வைத்தோம் என்பது நினைவுக்கு வரும். பிள்ளையைக் காப்பாற்ற வாங்கிய கடனைப் பிள்ளை இல்லாமல் அடைப்பது போன்ற கொடுமை வேறில்லை, அதை மனைவியிடமும் சொல்ல முடியாது. போதாததற்கு இறப்புச் சான்றிதழ் வாங்குவது, குடும்ப அட்டையில் பெயரை நீக்குவது, பள்ளியில் போய்ப் பெயரை எடுப்பது என்ற அலுவல்களும் அப்பன் தலையில்தான் விழுகின்றன. பெயரை நீக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வருகிறவனிடம் பெயரைச் சொல்லிப் பேசு என்றால் எப்படிப் பேசுவான்?

ஆகவே "மனம் விட்டுப் பேசு தம்பி" என்று எதிரில் உட்கார வைத்துத் தொடங்காதீர்கள். கடையில் போய் உட்காருங்கள், சரக்கு எண்ணுவதற்கு உதவுங்கள். கடன் ஏதாவது நிற்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். முடிந்தால் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்ளுங்கள். கை வேலையில் இருக்கும்போது, கண் வேறு எங்கோ இருக்கும்போது, ஆண்கள் பேசுவார்கள். பேசாவிட்டாலும் போகட்டும். அவனிடம் பையனைப் பற்றி நீங்களே ஒரு நினைவைச் சொல்லிவிட்டு, பதிலை எதிர்பார்க்காமல் அடுத்த வேலையைப் பாருங்கள். என் மகளின் பெயரை என்னிடம் சொல்லப் பயப்படாத ஒரே மனிதர் எங்கள் தெருவில் காய்கறி விற்றவர். அவர் சொன்ன ஒவ்வொரு முறையும் எனக்கு வலித்தது. ஆனாலும் அவர் வருகிற நேரத்திற்கு நான் வாசலுக்கு வந்துவிடுவேன்.

புதிதாக அறிமுகமாகிறவர்கள் "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்" என்று கேட்கும்போது என்ன சொல்வது என்பதையும் தம்பியும் அவர் மனைவியும் சேர்ந்து முடிவு செய்துகொள்வது நல்லது. ஒருவர் ஒன்று என்றும் மற்றவர் இரண்டு என்றும் சொன்னால், அன்று இரவு அந்த வீட்டில் எவரும் தூங்க மாட்டார்கள்.

---

மனநலப் பணியாளர், மதுரை:

அம்மா, நான் மருத்துவமனை ஒன்றில் மனநலச் சமூகப் பணியாளராக இருக்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான்: உங்கள் வீட்டில் எவரும் தவறாகத் துக்கப்படவில்லை, ஒவ்வொருவரும் வெவ்வேறு விதமாகத் துக்கப்படுகிறார்கள். சிக்கல் வருவது, ஒருவருடைய விதத்தை மற்றவர் அன்பின்மை என்று எண்ணிக்கொள்ளும்போதுதான். கணவன் பேசாததை மறந்துவிட்டான் என்று மனைவி எடுத்துக்கொள்கிறாள். மனைவி சட்டையைப் பிடித்துக்கொண்டிருப்பதை, மீள விரும்பவில்லை என்று கணவன் எடுத்துக்கொள்கிறான். பாட்டி பூட்டியதைக் கல்நெஞ்சு என்று மருமகள் நினைக்கக்கூடும். சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டிருக்கிறவர் பேரனை மறக்க முயல்பவர் அல்லர் என்பதை நீங்களே கண்டுவிட்டீர்கள்.

துக்கம் ஐந்து படிகளாக வரும், ஒவ்வொன்றாகக் கடந்தால் முடிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் அந்தப் படிகளை முன்வைத்தபோது, அவர் பேசியிருந்தது சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம். பிள்ளையை இழந்த பெற்றோரிடம் அல்ல. இன்று எங்களைப் போன்றவர்களுக்கு அதிகம் பயன்படுவது, நெதர்லாந்து ஆய்வாளர்களான ஸ்ட்ரோப், ஷூட் இருவரும் 1999-இல் எழுதிய கருத்துதான். துக்கத்தில் இருப்பவர் ஒரு நேரம் இழப்பின் பக்கம் திரும்பி அழுகிறார், நினைக்கிறார். இன்னொரு நேரம் அன்றாட வாழ்வின் பக்கம் திரும்பிக் கடை, சமையல், வட்டி என்று ஈடுபடுகிறார். இந்த இரண்டுக்கும் இடையே போய் வந்துகொண்டிருப்பதுதான் இயல்பு என்பது அவர்கள் முடிவு. உங்கள் தம்பி பெரும்பாலும் ஒரு பக்கத்திலும் அவர் மனைவி பெரும்பாலும் மறுபக்கத்திலும் இருக்கிறார்கள். தம்பிக்கு நினைக்க ஓர் இடமும், அவர் மனைவிக்கு நினைக்காமல் இருக்க ஒரு மணி நேரமும் தேவை. அந்த ஒரு மணி நேரத்தில் அவள் சிரித்துவிட்டால், பெற்றவள் சிரிக்கிறாள் பார் என்று எவரும் சொல்லாதபடி காப்பதும் உங்கள் வேலைதான்.

தம்பி மனைவியின் இழப்பில் வெளியில் தெரியாத ஒரு பகுதி உண்டு. இரண்டு ஆண்டுகளாக அவளுடைய நாள் மாத்திரை நேரத்தாலும், ரத்தப் பரிசோதனை எண்ணிக்கையாலும், காய்ச்சல் வந்துவிடுமோ என்ற அச்சத்தாலும் நிரம்பியிருந்தது. பிள்ளையோடு அந்த வேலையும் ஒரே நாளில் போய்விட்டது. பக்கத்துப் படுக்கைக் குழந்தைகளின் தாய்மார்தான் அந்த இரண்டு ஆண்டுகளில் அவளுடைய சுற்றம். ஊர் திரும்பியதும் அவர்களும் இல்லை. அவர்களில் யாரோடாவது அவள் தொலைபேசியில் பேச விரும்புகிறாளா என்று கேளுங்கள். பழைய காயத்தைக் கிளறும் என்று தடுக்காதீர்கள். இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகர மருத்துவமனையில் ஒரே காலத்தில் தத்தம் மகன்களை இழந்த இரண்டு தம்பதியர், தன்னால் தர முடியாத ஆறுதலை ஒருவருக்கொருவர் தந்துகொள்வதை அங்கிருந்த இளம் பாதிரியார் ஒருவர் கவனித்தார். அதிலிருந்துதான் 1969-இல், பிள்ளையை இழந்த பெற்றோருக்கான கம்பாஷனேட் ஃபிரண்ட்ஸ் என்ற அமைப்பு தொடங்கியது. இன்று அது பல நாடுகளில் இருக்கிறது.

சட்டையைத் துவைக்காமல் வைத்திருப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அதில் பிள்ளையின் வாசம் இருக்கிறது. இறந்தவரிடமிருந்து மனத்தை முற்றிலும் விலக்கிக்கொள்வதே துக்கத்தின் முடிவு என்ற எண்ணம் மேலை உளவியலில் நெடுங்காலம் இருந்தது. அதற்கு வித்திட்ட உளப்பகுப்பாய்வின் தந்தை ஃபிராய்டே 1920-இல் தம் மகள் சோஃபியை இன்ஃப்ளூயன்சாவில் இழந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, மகனை இழந்த நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், அந்த இடத்திற்கு ஈடாக எதுவும் வராது, அப்படி இருப்பதுதான் சரி என்ற பொருள்பட எழுதினார். பொருட்களை எப்போது எடுத்து வைப்பது, எதைக் கொடுப்பது என்பதை அவள் முடிவு செய்யட்டும். அவள் வெளியூர் போயிருக்கும் நேரம் பார்த்து வீட்டைச் சுத்தம் செய்துவிடும் உறவினர்களை மட்டும் தடுத்துவிடுங்கள்.

அதே நேரத்தில், எல்லாவற்றையும் இயல்பு என்று விட்டுவிடவும் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய் வகைப்பாட்டில் நீடித்த துக்கக் கோளாறு என்று ஒன்று சேர்க்கப்பட்டு, 2022 முதல் நடைமுறையில் உள்ளது. இழப்புக்கு ஆறு மாதங்களுக்குப் பிறகும் ஏக்கம் நாள் முழுதும் நீங்காமல், அன்றாட வேலைகள் எதுவும் செய்ய முடியாமல், அந்தச் சமூகத்தின் வழக்கத்தையும் மீறிய அளவில் துக்கம் நீடித்தால் அதற்குச் சிகிச்சை தேவை என்பது அதன் சாரம். பெரியவர்களுக்கு ஓராண்டு கழிந்த பிறகே அப்படிச் சொல்ல வேண்டும் என்பது அமெரிக்க மனநல மருத்துவர்களின் வரையறை. உங்கள் தம்பி மனைவி சமைக்கிறாளா, குளிக்கிறாளா, மகளின் தலையை வாரிவிடுகிறாளா, தூங்குகிறாளா என்று பாருங்கள். நானும் அவனிடமே போய்விடுகிறேன் என்று சொன்னால், அது துக்கத்தில் வரும் பேச்சு என்று தள்ளிவிடாமல், உண்மையாகவே உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் பார்க்கலாம். தம்பியைப் பற்றியும் இதே கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். குடிப்பழக்கம் தொடங்கியிருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

உடல்நலத்தையும் மறக்க வேண்டாம். டென்மார்க்கில் பிள்ளையை இழந்த பெற்றோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2003-இல் வெளியான ஆய்வொன்றில், அத்தாய்மாரின் இறப்பு விகிதம் மற்றத் தாய்மாரைவிட 40 விழுக்காட்டுக்கும் அதிகமாக இருந்தது தெரியவந்தது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இரண்டு ஆண்டுகளாகத் தன் உடம்பைப் பார்க்காத ஒருத்தியை ரத்தசோகை, தைராய்டு, ரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு ஒருமுறை பரிசோதிக்க அழைத்துப் போங்கள். மனநல மருத்துவரிடம் வர மறுப்பவர்கள் கூட இதற்கு வருவார்கள்.

---

ஊர்ப் பெரியவன்:

எல்லோரும் படித்தவர்கள், நான் மறுத்துப் பேசுவதாக எண்ண வேண்டாம். பெண்கள் இடுகாட்டிற்குப் போகக் கூடாது என்று முன்னோர் வைத்ததற்குக் காரணம் கொடுமை அல்ல. பெற்ற வயிறு அந்தக் காட்சியைத் தாங்காது என்ற இரக்கமே. சிறு பிள்ளைக்குத் திதி வைக்காததும் அப்படித்தான். அது பித்ருக்களோடு சேராது, திரும்ப ஏதாவது ஒரு வயிற்றில் பிறக்கும் என்ற நம்பிக்கையில் வைத்த வழக்கம். பீரோவில் படத்தை வைத்த தாயாரின் மனத்தையும் நினைத்துப் பாருங்கள். எண்பது வயதை நெருங்கும் ஒருவருக்குப் பேரன் முந்திக்கொண்டது ஊர் முகத்தில் விழிக்க முடியாத அவமானமாகக்கூட இருக்கும். "நான் இருக்கிறேன், அவன் போய்விட்டான்" என்ற எண்ணத்தோடு தினமும் அந்தப் படத்தைக் கடந்து போவது அவரால் முடியாமல் இருக்கலாம். எதைச் செய்தாலும் அவரைக் குற்றவாளி ஆக்காமல் செய்யுங்கள்.

---

கும்பகோணத்துக்காரன்:

பெரியவர் சொன்னதில் கடைசி வாக்கியத்தை நான் முழுவதும் ஏற்கிறேன். பாட்டியின் துக்கத்திற்கு இரண்டு பங்கு உண்டு; பேரனுக்காக ஒன்று, கண்ணெதிரே உருக்குலையும் தம் மகனுக்காக இன்னொன்று. ஆனால் வழக்கம் என்பது மாறவே மாறாதது என்று நான் நினைக்கவில்லை. அதற்கு எங்கள் ஊரே சாட்சி.

2004 ஜூலை 16 அன்று எங்கள் ஊரில் பள்ளிக் கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். அத்தனை பேரும் சிறு பிள்ளைகள். சாத்திரப்படி திவசம் உண்டா இல்லையா என்று எந்தப் பெற்றோரும் காத்திருக்கவில்லை. ஆண்டுதோறும் அந்த நாளில் பள்ளியின் முன்பு குழந்தைகளின் படங்களை வைத்து மாலையிடுகிறார்கள். பிள்ளைக்குப் பிடித்த தின்பண்டங்களைப் படைக்கிறார்கள், புதுத் துணி வைக்கிறார்கள். மாலையில் ஊர்வலமாகப் போய் மகாமகக் குளத்தில் தீபம் ஏற்றுகிறார்கள். தாய்மார் வீதியில் வந்து, எல்லோர் முன்னிலையிலும் பெயர் சொல்லி அழுகிறார்கள். இதில் சாத்திர மீறல் என்று எவரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை. இத்தனை ஆண்டுகள் ஆகியும் அந்த நாளுக்குக் கூட்டம் வருகிறது என்பது, பெற்றவர்களுக்கு அப்படி ஒரு நாள் எவ்வளவு தேவைப்படுகிறது என்பதைக் காட்டுகிறது.

எனவே உங்கள் வீட்டிலும் திவசம் என்று பெயர் வைக்காமலேயே அந்த நாளுக்கு ஒரு வடிவம் கொடுக்கலாம். புரோகிதர் தேவையில்லை. பிள்ளைக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைத்து, அவன் படித்த வகுப்புப் பிள்ளைகளுக்கு மதிய உணவோ நோட்டுப் புத்தகமோ கொடுக்கலாம். சென்னையில் அவன் இருந்த வார்டுக்கு விளையாட்டுப் பொருட்கள் அனுப்பலாம். எதுவும் செய்யாமல் மூவரும் ஒரு கோயிலுக்குப் போய் வருவதாகவும் இருக்கலாம். எது என்பதைப் பெற்றவர்கள் இருவரும் சொல்ல வேண்டும். இப்போதே கேட்டுவிடுங்கள். அன்று காலையில் கேட்டால் எவராலும் பதில் சொல்ல முடியாது.

அடக்கம் செய்த இடத்தைக் காட்டுவது பற்றி ஒரு வார்த்தை. இறுதிச் சடங்கின் போது பெண்கள் போவதில்லை என்பது வழக்கமே தவிர, ஆண்டு முழுதும் ஒரு தாய் அந்தப் பக்கமே திரும்பக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் நான் கேள்விப்பட்டதில்லை. கிறித்தவ நண்பர்களின் குடும்பங்களில் ஆண்டுதோறும் நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் பெண்கள்தான் முன்நின்று கல்லறையைக் கழுவிப் பூ வைக்கிறார்கள். அந்தக் காட்சியைப் பெற்ற வயிறு தாங்குகிறது. காணாத இடத்தை இரவெல்லாம் கற்பனை செய்துகொண்டிருப்பதுதான் தாங்க முடியாதது. முதலில் ஒருவர் போய் அந்த இடத்தை முள், புதர் இல்லாமல் செய்துவிட்டு வாருங்கள். பிறகு தம்பியே அவளை ஒரு காலை நேரத்தில் அழைத்துப் போகட்டும். கூட்டம் வேண்டாம்.

---

கோவை அத்தை:

இத்தனை அக்கறையோடு எழுதிய அனைவருக்கும் நன்றி. கடனைப் பற்றி எனக்குத் தோன்றவே இல்லை, கேட்கிறேன். முதலில் எழுத விட்டுப்போன ஒன்று உண்டு. தம்பி மனைவி இரண்டாவது பிரசவத்திலேயே குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்துகொண்டாள். அதை மாற்றி இன்னொரு பிள்ளை பெற்றுக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று உறவில் பலர் சொல்கிறார்கள். அவளுக்கு முப்பத்து மூன்று வயது. போனவனே திரும்பி வருவான் என்று அவள் முன்னாலேயே சொல்கிறார்கள். இதற்கு என்ன பதில் சொல்வது? குழந்தையைப் பற்றியும் யாராவது எழுதினால் நன்று.

---

நாகை செவிலி, பணி ஓய்வு:

அன்புள்ள அம்மா, இந்தக் கேள்வியை 2005-இல் எங்கள் மாவட்டத்தில் நூற்றுக்கணக்கான வீடுகள் எதிர்கொண்டன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் போன்ற மீனவ ஊர்களில் ஓடத் தெரியாத சிறு பிள்ளைகள் ஏராளமாகப் போனார்கள். பெற்றவர்களில் பலர் ஏற்கனவே குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர்கள். கருக்குழாயை மீண்டும் இணைக்கும் அறுவையை அவர்களுக்கு இலவசமாகச் செய்துதரத் தமிழக அரசு அப்போது ஏற்பாடு செய்தது. சிலர் மீண்டும் தாயானார்கள். சிலருக்கு அறுவை செய்தும் கரு தங்கவில்லை. அவர்களுக்கு அது இரண்டாவது இழப்பாகவே அமைந்தது.

மருத்துவ முறையில் சொன்னால், அறுவை வெற்றி பெறுவது வயதையும், முதலில் குழாயை எப்படிக் கட்டினார்கள், எவ்வளவு நீளம் மிச்சமிருக்கிறது என்பதையும் பொறுத்தது. முப்பத்து மூன்று என்பது கைவிட வேண்டிய வயது அல்ல, ஆனால் எவரும் உறுதி தர முடியாது. கருக்குழாயிலேயே கரு தங்கிவிடும் ஆபத்தும் இந்த அறுவைக்குப் பிறகு சற்று அதிகம். இவையெல்லாம் மகப்பேறு மருத்துவரிடம் கணவனும் மனைவியும் சேர்ந்து போய்க் கேட்க வேண்டியவை. உறவினர்கள் கூடத்தில் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டியவை அல்ல.

இன்னொரு பிள்ளை வேண்டும் என்று அவர்களே விரும்பினால் அதில் குற்றம் எதுவும் இல்லை. அந்த விருப்பம் போனவனுக்குச் செய்யும் துரோகமும் அல்ல. ஆனால் போனவனே வருவான் என்ற பேச்சை நீங்கள் தயங்காமல் நிறுத்த வேண்டும். அண்ணனின் பெயரையே சுமந்து பிறக்கும் பிள்ளை, அண்ணனைப் போலச் சிரிக்கவில்லை, அவனைப் போலப் படிக்கவில்லை என்ற ஒப்பீட்டிலேயே வளர வேண்டியிருக்கும். பிறப்பது பெண்ணாக இருந்தால், சொல்லவே வேண்டாம். இப்போது வீட்டில் இருக்கும் ஆறு வயதுப் பெண்ணின் காதிலும் இந்தப் பேச்சு விழுந்துகொண்டுதான் இருக்கிறது. நான் ஒருத்தி இருப்பது போதாது என்று அவள் புரிந்துகொள்வாள். உறவினரிடம் கோபப்பட வேண்டாம். "அதை அவர்கள் இருவரும் பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் அவனைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லுங்கள்" என்று பேச்சைத் திருப்பிவிடுங்கள்.

---

தொடக்கப்பள்ளி ஆசிரியை:

குழந்தையைப் பற்றி நான் எழுதுகிறேன். ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள்தான் பெரும்பாலான குழந்தைகள், இறந்தவர் திரும்பி வர மாட்டார், அவர் உடம்பு எதையும் உணராது, எல்லோரும் ஒருநாள் இறப்பார்கள் என்பவற்றைப் புரிந்துகொள்ளத் தொடங்குகிறார்கள். உங்கள் குழந்தை அந்த வயதின் நடுவில் இருக்கிறாள். சாமியிடம் போயிருக்கிறான் என்றால் அவளுக்கு அது சென்னைக்குப் போயிருக்கிறான் என்பதைப் போன்றதுதான். அங்கிருந்துதான் அண்ணன் முன்பு வாரக்கணக்கில் கழித்துத் திரும்பி வந்திருக்கிறானே. தூங்குகிறான் என்றும் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொல்லி வளர்த்த குழந்தை ஒன்று இரவில் படுக்கவே பயந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நேரான, சிறிய வாக்கியங்களில் சொல்லுங்கள். "அண்ணனுக்கு ரத்தத்தில் பெரிய நோய் வந்தது. டாக்டர்கள் மிகவும் முயன்றார்கள், குணமாகவில்லை. அவன் உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது, அவன் இறந்துவிட்டான். இனி அவன் வர மாட்டான். நாம் அவனைப் பற்றிப் பேசலாம், அழலாம், படம் பார்க்கலாம்." இதைப் பெற்றோரில் ஒருவர் சொல்வது நல்லது, அவர்களால் முடியாவிட்டால் அவர்கள் அருகில் இருக்க நீங்கள் சொல்லுங்கள். அவள் கேட்காவிட்டாலும் இன்னும் இரண்டைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதலாவது, அது தொற்றும் நோய் அன்று, உனக்குக் காய்ச்சல் வந்தால் அது சாதாரணக் காய்ச்சல்தான் என்பது. இரண்டாவது, நீ சண்டை போட்டதாலோ கோபத்தில் எதையாவது நினைத்ததாலோ அது வரவில்லை என்பது. அண்ணனுக்காக அம்மாவை இரண்டு ஆண்டுகள் விட்டுக்கொடுத்த குழந்தைக்கு, அவன் மேல் பொறாமை வராமல் இருந்திருக்காது.

சொன்ன சிறிது நேரத்தில் அவள் விளையாடப் போய்விடலாம், மறுநாள் அதே கேள்வியை மறுபடி கேட்கலாம். இரண்டும் இயல்பே. ஒவ்வொரு முறையும் அதே பதிலை அதே சொற்களில் சொல்லுங்கள். பள்ளியில் வகுப்பு ஆசிரியரிடம் நிலைமையைச் சொல்லி வையுங்கள், குடும்பத்தைப் படமாக வரையச் சொல்லும் நாளில் அவள் அண்ணனையும் வரைந்தால் அதைத் திருத்த வேண்டாம் என்று.

படத்தைப் பற்றி என் கருத்து: மாலை போட்டுக் கூடத்தில் மாட்டுவதா, பீரோவில் பூட்டுவதா என்ற இரண்டு வழிகள் மட்டுமே இல்லை. அண்ணனும் தங்கையும் சேர்ந்து இருக்கும் படம் ஒன்று இருந்தால், மாலையும் பொட்டும் இல்லாமல், குழந்தை படிக்கும் இடத்தில் வைக்கலாம். அது இறந்தவரின் படமாகத் தோன்றாது என்பதால் பாட்டிக்கும் ஒருவேளை மனம் ஒப்பும். ஆனால் முடிவு பெற்றவர்களுடையது. பாட்டியிடம் முன்கூட்டியே நீங்கள் தனியாகப் பேசிவிட வேண்டும்.

---

பாலாற்றங்கரை:

இன்னும் ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், சகோதரி. ஆவணிக்குப் போவதோடு உங்கள் வருகையை நிறுத்திவிடாதீர்கள். முதல் ஆண்டில் பண்டிகை இல்லை என்று ஊரே ஒதுங்கி நிற்கும். அந்த விலக்கு ஒரு வகையில் பாதுகாப்பு. ஆண்டு முடிந்த மறுநாளிலிருந்து தீபாவளிக்குத் துணி எடுத்தாயிற்றா, பொங்கலுக்கு வெள்ளை அடிக்கவில்லையா என்று கேட்கத் தொடங்குவார்கள், துக்கம் விசாரிப்பவர்கள் எவரும் மிச்சமிருக்க மாட்டார்கள். எங்களுக்கு இரண்டாம் ஆண்டுதான் முதலாம் ஆண்டைவிடக் கடினமாக இருந்தது. ஐப்பசியில் தீபாவளிக்கு முந்தைய வாரம், பையனின் பிறந்தநாள், அவன் வகுப்புப் பிள்ளைகள் அடுத்த பள்ளிக்கு மாறும் ஜூன் மாதம் ஆகியவற்றை இப்போதே நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, அந்தந்த நாட்களில் தம்பியை ஒருமுறையும் அவர் மனைவியை ஒருமுறையும் தனித்தனியாக அழைத்துப் பேசுங்கள்.